மாடு மிரளாத சைலன்சர்

மூன்று ஜோடி சைலன்சர்களைக் கோணிச் சாக்கின் மேல் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு, அவற்றுக்கு எதிரே ஒரு பசுமாட்டைக் கொண்டுவந்து கட்டச் சொன்னார் டாக்டர். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக்கரையில் ஒரு தென்னந்தோப்பு. காலை ஏழரை மணி இருக்கும். டாக்டரின் நெற்றியில் திருமண் ஈரம் காயாமல் பளிச்சென்று இருந்தது. இடுப்பில் காக்கி அரைக்கால் சட்டை. பாலக்கரையிலிருந்து வந்திருந்த மிஸ்திரி, கழுத்தில் சிலுவையும் கையில் ஸ்பேனருமாக ஒரு பக்கம் குந்தியிருந்தார். மாட்டின் காதைப் பார்ப்பது என் வேலை. வண்டியைக் கிளப்பும்போது மாடு காதை விறைக்கிறதா, கயிற்றை இழுக்கிறதா, கண்ணை உருட்டுகிறதா என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு சைலன்சர் வாங்க மாட்டிடம் அபிப்பிராயம் கேட்ட மனிதரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சிரித்துத் தொலைக்கக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். இருபத்தாறு வயதில் எனக்கு எல்லாமே சிரிப்பாகத்தான் இருந்தது.

டாக்டர் என்றால் மாட்டு டாக்டர். ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. திருச்சியில் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில் அவர் டாக்டர், நான் கம்பவுண்டர். வெக்கை நோய் என்ற பெயரைக் கேட்டாலே குடியானவர்களின் முகம் வெளுத்துப்போகும் காலம். மாட்டுக்குக் காய்ச்சல் கண்டு, வாயெல்லாம் புண்ணாகி, கழிந்து கழிந்து ஒரே வாரத்தில் கொட்டில் காலியாகிவிடும். அதற்குத் தடுப்பூசி வந்திருந்தது. ஊர் ஊராகப் போய், ஒரு மாடு விடாமல் போட்டுவிட வேண்டும் என்று உத்தரவு. மருந்தை ஐஸ் பெட்டியிலேயே வைத்துக் கொண்டுபோக வேண்டும். சூடு பட்டுவிட்டால் அது மருந்தில்லை, வெறும் தண்ணீர். டாக்டர் இந்த வேலையை ஒரு விரதம் போலப் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் வெந்நீர் போடுவதற்கு முன்பே கொள்ளிடத்தில் குளித்துவிட்டு, பெருமாளைச் சேவித்துவிட்டு, எட்டு மணிக்கு வண்டியில் இருப்பார். பகலில் எந்த ஊரிலும் கை நனைக்க மாட்டார். மோர் மட்டும் குடிப்பார், அதுவும் நான் நாலு தடவை கெஞ்சிய பிறகு.

அவருடைய வண்டியைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. சண்டை முடிந்த பிறகு பட்டாளத்தார் கழித்துப்போட்ட இங்கிலாந்து மோட்டார் சைக்கிள். இரட்டை சிலிண்டர். இரண்டு பக்கமும் இரண்டு சைலன்சர், கிழங்கு மாதிரி தடித்து, கடைசியில் ஒடுங்கியிருக்கும். அதன் சத்தத்தில் அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. "கோயில் கோஷ்டியில ரெண்டு பேர் சேர்ந்து பாசுரம் சேவிக்கறாளே, அந்த மாதிரி இருக்கணும் ஓய். ஒருத்தர் விட்ட இடத்துல இன்னொருத்தர் எடுக்கணும். நடுவுல மூச்சுத் தெரியக் கூடாது" என்பார். புத்தூர் நாற்சந்தியில் அவர் வண்டி திரும்பினால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற எனக்குக் கேட்கும். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே அந்தச் சைலன்சர்கள் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டன. கோஷ்டி போய், ஊர்ச் சண்டை மாதிரி ஆகிவிட்டது சத்தம். ஒன்றரை மைலுக்கு அப்பால் வரும்போதே தெரியும்.

இதில் எங்கள் அக்கா வருகிறாள். எனக்கு ஆறு வயது மூத்தவள். அம்மா இல்லாத வீட்டில் என்னைத் தூக்கி வளர்த்தவள். திருவெள்ளறைக்கு அப்பால் முப்பது வீடு உள்ள ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த ஊருக்கு நாங்கள் முதல் வருஷம் போய் ஊசி போட்டபோது ஊரே திரண்டு வந்து மாட்டைப் பிடித்துக்கொடுத்தது. மறுவருஷம் புதுக் கன்றுகளுக்கும், புதிதாக வாங்கிய மாடுகளுக்கும், போன தடவை விட்டுப்போனவற்றுக்கும் போட வேண்டும் என்று போனால், ஊரில் ஒரு மாடு இல்லை. கொட்டில்கள் காலி. முளைக்குச்சியில் கயிறு மட்டும் கிடந்தது. அக்கா மோர்ச் செம்போடு வந்து வருத்தமாகச் சொன்னாள்: "உங்க வண்டிச் சத்தம் கேட்டதும் மிரண்டு கயித்த அறுத்துட்டு ஓடிடுச்சுங்க. எவ்வளவு புடிச்சும் நிக்கல. கோவிச்சுக்காதீங்க." இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவையும் அப்படியே. ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் ஒரே பேச்சாக, ஒரே பணிவாக, வண்டியைத்தான் கை காட்டினார்கள்.

டாக்டர் நம்பிவிட்டார். நம்பியதோடு நிற்காமல் வெட்கப்பட்டார். வாயில்லா ஜீவன்களுக்கு வைத்தியம் பார்க்க வந்தவனைக் கண்டு ஜீவன்களே பயந்து ஓடுவதா என்று அவருக்கு ராத்தூக்கம் போய்விட்டது. நான் வேறு ஒத்து ஊதினேன். "எங்க அக்கா பொய் சொல்லாதுங்க" என்று அடித்துச் சொன்னேன். அந்தச் சமயத்தில் தெற்கே வையம்பட்டிப் பக்கத்தில் வெக்கை கண்டிருப்பதாகச் சேதி வந்தது. சந்தைக்குப் போய்வருகிற மாடு எதுவும் அதைச் சுமந்து வரலாம். அக்கா ஊரில் ஊசி போடாத மாடு எத்தனை என்று நோட்டைப் புரட்டிப் பார்த்தார் டாக்டர். பிறகு நோட்டை மூடிவிட்டு, "மொதல்ல சைலன்சரை மாத்தணும்" என்றார்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்து வண்டிக்குச் சாமான் கிடைப்பது லேசில்லை. வெளிநாட்டுச் சரக்கு வருவது நின்றுபோயிருந்தது. டாக்டர் மதராஸில் இருந்த தன் மச்சினருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, ஒரு கடையின் பரணில் கிடந்த அசல் ஜோடியை ரயிலில் வரவழைத்தார். கிரீஸ் காகிதம் கூடப் பிரிக்காமல் வந்தது. இரண்டாவது ஜோடி, பாலக்கரையில் பட்டாளத்துச் சாமான் விற்கிற பழைய இரும்புக் கடையில் மிஸ்திரி தோண்டி எடுத்தது. கடைசியில் மீன்வால் போலத் தட்டையாக விரிந்திருக்கும். நல்ல கனம், வெங்கல மணியடித்த மாதிரி சத்தம் போடும் என்று மிஸ்திரியே எச்சரித்தார். மூன்றாவது ஜோடியை மிஸ்திரி தன் கையால் செய்தார். தகட்டைச் சுருட்டி, உள்ளே ஓட்டை போட்ட குழாய் வைத்து, அதைச் சுற்றிக் கல்நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றி, வெளியே பற்றவைத்தது. பார்க்க அழகில்லை. ஆனால் சத்தம் என்பதை விழுங்கிவிடும் என்றார். ஒரு பக்கத்துக்கு ஒன்று, மறு பக்கத்துக்கு வேறொன்று என்று வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். இரண்டு சிலிண்டரும் ஒரே மாதிரி மூச்சு விட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும் என்று இருவரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள்.

தோப்பில் பழைய சைலன்சர்களைக் கழற்றியபோது மிஸ்திரி இடது பக்கத்தை உயரே தூக்கி வெயிலில் பார்த்தார். "வலது பக்கம் பரவால்லங்க. இது மேப்புறம் பூரா ஓட்டை. உள்ளங்கை அகலத்துக்கு இல்ல போயிருக்கு. சூடு அப்படியே மேல அடிச்சிருக்குமே" என்றவர், என் பக்கம் திரும்பி, "பின்னாடி குந்துறது நீங்கதானே? உங்க காலு சுடலயா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, நடுவுல பெட்டி இருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் பெட்டி என்ற சொல் என் காதிலேயே விழுந்தது. மாட்டின் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறவனைப் போல அந்தண்டை நகர்ந்துவிட்டேன்.

பரீட்சை தொடங்கியது. முதலில் மதராஸ் ஜோடி. டாக்டர் காலால் உதைத்துக் கிளப்பியதும் தோப்பு நிறைந்தது. இரண்டு குரலும் ஒன்றோடொன்று பின்னி, கனமாக, அடக்கமாக. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். கோஷ்டி திரும்ப வந்துவிட்டது அவருக்கு. மாடு அசை போட்டது. அடுத்து மீன்வால். தென்னை மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. மிஸ்திரி காதைப் பொத்திக்கொண்டார். மாடு ஒரு காதை மட்டும் ஆட்டி ஈயை விரட்டிவிட்டு அசை போட்டது. மூன்றாவதாக மிஸ்திரி செய்தது. துணி தைக்கிற மிஷின் ஓடுகிற சத்தம்தான் வந்தது. மாடு அதற்கும் அசை போட்டது. மூன்று முறையும் நோட்டில் ஒன்றையே எழுதினேன்: "மிரளவில்லை." இதற்கு என்ன அர்த்தம் என்று எங்களில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டாமா? டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஸ்ரீரங்கத்து மாடு. தேர், வாணம், மேளம் எல்லாம் பார்த்தது. திருவெள்ளறைப் பக்கத்து மாடு பாவம், சாது" என்றார். நானும் மிஸ்திரியும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம். படித்த டாக்டரும், அந்த ஊரிலேயே அக்காவைக் கொடுத்திருந்த நானும், ஒரு மாடு சொன்னதை நம்பாமல் மனுஷர்கள் சொன்னதை நம்பினோம்.

அவர் மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்தார். மதராஸ் ஜோடியை ஒரு முறை கையால் தடவிக்கொடுத்துவிட்டுக் காகிதத்தில் சுற்றினார். எனக்கே பாவமாக இருந்தது. மிஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை. "சார், நான் செஞ்சதுதான், நானே சொல்றேன். இப்படி வாயப் பொத்தினா வண்டிக்கு மூச்சு முட்டும். பாலம் ஏறாது" என்றார். "வண்டி மெதுவாப் போகட்டும். எனக்கு மாடு நிக்கணும்" என்றார் டாக்டர். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் காலை புறப்பட்டோம். கொள்ளிடம் பாலத்தில் வண்டி திணறிப்போய்விட்டது. கட்டை வண்டிக்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போகையில் இரக்கமாகப் பார்த்தார். திருவெள்ளறை கோபுரம் தாண்டி வயல் நடுவே மண் பாதையில் இறங்கினோம். வழக்கமாக அந்தத் திருப்பத்தில் இருக்கிற பெரிய கிணற்றடியிலேயே ஆட்கள் எழுந்து நின்று எங்கள் பக்கம் பார்ப்பார்கள். அன்றைக்கு ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தவர் நாங்கள் பக்கத்தில் போகும் வரை திரும்பவேயில்லை. திரும்பியவர் எங்களைப் பார்த்ததும் பிடியை விட்டுவிட்டார். அந்த முகத்தில் இருந்த திகில் எனக்கு விளங்கவில்லை. வணக்கம் வைத்துவிட்டுப் போனேன்.

தெருவுக்குள் நுழைந்தோம். தெருவின் இரண்டு பக்கமும் மாடுகள். காளை, பசு, கிடாரி, கன்று எல்லாம் அவை அவை இடத்தில் கட்டிக் கிடந்தன. எதுவும் மிரளவில்லை. நாங்கள் இரண்டு முழ தூரத்தில் வண்டியை நிறுத்தினோம். ஒரு கறுப்புப் பசு முன்சக்கரத்தை முகர்ந்து பார்த்தது. மிரண்டது மனுஷர்கள். மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். எதிர் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவசரம் அவசரமாகக் காளையின் கயிற்றை அவிழ்த்து, முதுகில் நாலு போட்டு, தோட்டத்துப் பக்கம் விரட்டினார். காளை நகர மாட்டேன் என்றது. அவர் அடிக்கிறார், அது தொட்டியில் தலையை விட்டுத் தண்ணீர் குடிக்கிறது. அவர் தலையை நிமிர்த்தி டாக்டரைப் பார்த்தார். கையில் ஓங்கின குச்சி அப்படியே நின்றுவிட்டது. மூன்று தடவை நாங்கள் வந்தபோதெல்லாம் என்ன நடந்திருக்கிறது என்பது அந்த ஒரு குச்சியில் எனக்குத் தெரிந்துபோயிற்று.

அக்கா வைக்கோலைத் தூக்கிக்கொண்டு கொட்டிலிலிருந்து வெளியே வந்தாள். எங்களைப் பார்த்தாள். வைக்கோல் கீழே விழுந்தது.

"என்னம்மா, மாடு மிரளலையே" என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிறவர் மாதிரிதான் கேட்டார். அதுதான் இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மளமளவென்று கொட்டிவிட்டாள். "உங்க முகத்துக்கு நேரா எப்படிங்க சொல்றது? போன வருசம் நீங்க ஊசி போட்டுட்டுப் போனீங்க. மூணு மாசத்துல வெக்கை வந்துச்சு. ஊசி போட்ட மாடே ஆறு செத்துப்போச்சு. எங்க செவலையும் போச்சு, வயித்துல கன்னோட போச்சு. ஊசியாலதான் நோவு வந்துச்சுன்னு ஊர்ல சொன்னாங்க. வேகாத வெயில்ல வந்து, பச்சத் தண்ணி குடிக்காம வேலை செஞ்ச மனுசன்கிட்ட, நீங்க போட்ட ஊசி எங்க மாட்டக் கொன்னுடுச்சுன்னு சொல்ல யாருக்கும் நாக்கு வரலீங்க. தம்பிக்கும் சொல்லல. ஏரிக்குள்ள பொதச்சிட்டு, வித்துட்டோம்னு சொல்லிட்டோம்."

டாக்டர் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படிக் கண்ட இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. வியர்வையில் திருமண் கரைந்து மூக்கில் வழிந்தது. துடைக்கவில்லை. "ஆறு மாடு" என்றார். பிறகு, "ஊசியினால மாடு சாகாதும்மா. ஊசி மருந்து செத்துப்போயிருந்தாத்தான் மாடு சாகும்" என்றார். சொல்லிக்கொண்டே மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "அன்னிக்கு ஐஸ் எப்படி இருந்தது ஓய்?"

இத்தனை வருஷமாக நான் யாருக்கும் முழுசாகச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். முதல் வருஷம் அந்த ஊருக்குப் போன அன்றைக்கு, வண்டியை விட்டு இறங்கிப் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் இல்லை. வெதுவெதுவென்று தண்ணீர் இருந்தது. பெட்டி வண்டியின் இடது பக்கத்தில், சைலன்சருக்கு நேர் மேலே தொங்கும். அடித்தகரம் கரி பிடித்துக் கறுத்திருந்தது. அதை அவ்வப்போது சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைப்பேனே தவிர, ஏன் கறுக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. திரும்பத் திருச்சிக்குப் போய் ஐஸ் வாங்கிவர வேண்டுமானால் அன்றைய வேலை கெட்டுவிடும். ஊரே மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தன் மச்சினன் வந்திருக்கிறான், அவனோடு டாக்டர் வந்திருக்கிறார் என்று அத்தான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். வீட்டுக்குள் கோழிக் குழம்பு கொதிக்கிற வாசனை வருகிறது. நான் அக்கா வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, பெட்டியில் ஊற்றி, மருந்துக் குப்பியை அதற்குள் அமுக்கி வைத்தேன். டாக்டர் கை கழுவிக்கொண்டே, "ஐஸ் இருக்கா ஓய்?" என்று கேட்டார். "இருக்குங்க" என்றேன். என்னை நம்பாமல் அவர் என்றைக்குமே பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை.

தெருவே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருந்தது என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வேறு வந்தது. "தண்ணியாயிடுச்சுங்க. சூடாத்தான் இருந்துச்சு. கெணத்துத் தண்ணிய ஊத்தினேன்" என்றேன்.

டாக்டர் எழுந்து வண்டியின் இடது பக்கம் போய்க் குந்தினார். புதுச் சைலன்சருக்கும் பெட்டிக்கும் நடுவே கையை நீட்டி வைத்துப் பார்த்தார். அப்புறம் எழுந்து தெருவின் நடுவில் நின்று, இரண்டு கையையும் கூப்பினார். "மருந்து கெட்டுப்போயிருந்தது. வண்டிச் சூடு பட்டுக் கெட்டுடுத்து. பெட்டியைத் திறந்து பார்க்கறது என் பொறுப்பு, நான் பார்க்கலை. தப்பு எங்களோடது. ஆறு மாடும் எங்களால போச்சு. எல்லாரும் க்ஷமிக்கணும்." எங்களோடது என்றார். அவனோடது என்று சொல்லவில்லை. அரசாங்க உத்தியோகஸ்தர், அதுவும் ஸ்ரீரங்கத்துப் பெரிய குடும்பத்து மனிதர், மாடு மேய்க்கிறவர்கள் முன்னால் கை கூப்பி நின்றது ஊருக்குப் பேரதிர்ச்சி. நான் வண்டியின் ஹாண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் பெட்டியைக் கழற்றி எடுத்துவந்து அக்காவின் முன்னால் வைத்துத் திறந்தார். "இன்னிக்கு நன்னா இருக்கு. நான் சொல்றதை நம்ப வேண்டாம். கை விட்டுப் பாருங்கோ" என்றார். அக்கா தயங்கித் தயங்கிக் கையை விட்டாள். ஐஸ் பட்டதும் உடம்பு தூக்கிப்போட்டது. கையை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வந்து தானும் கை விட்டுப் பார்த்தாள். எதிர் வீட்டுக்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டு வந்து பார்த்தார்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய், கறுப்புப் பசுவை அவிழ்த்து ஓட்டிவந்து, கொம்பைத் தானே பிடித்துக்கொண்டாள். "போடுங்க டாக்டர்" என்றாள். நான் வழக்கப்படி ஊசியை எடுத்து மருந்தை ஏற்றப் போனேன். "அவன் வேணாங்க" என்றாள் அக்கா. சத்தமாகச் சொல்லவில்லை. "நீங்களே எடுங்க, நீங்களே போடுங்க. அவன் தொட வேணாம்."

என்னை இடுப்பில் தூக்கி வைத்துச் சோறு ஊட்டியவள் அவள். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். டாக்டர் என் கையிலிருந்த ஊசியை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு மத்தியானம் வரை அவரே மருந்து கலக்கினார், அவரே போட்டார், அவரே நோட்டில் எழுதினார். ஊரில் ஒரு மாடு பாக்கியில்லை. நான் வண்டிப் பக்கத்திலேயே நின்றேன்.

அவர் என்னைப் பற்றி மேலே எழுதிப்போடவில்லை. திட்டவும் இல்லை. அன்றிலிருந்து ஐஸ் பெட்டியைத் தனக்கு முன்னால், பெட்ரோல் டாங்கின் மேல் வைத்துக் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு ஊரிலும் அவரே திறந்து கை விட்டுப் பார்ப்பார். ஐஸ் இருக்கா என்று என்னைக் கேட்பதை அடியோடு விட்டுவிட்டார். அந்தக் கேள்வி வராதா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன்.

அதே வாரத்தில் டாக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு பாலக்கரைக்குப் போனார். புதுச் சைலன்சரைக் கழற்றச் சொன்னார். மிஸ்திரி சந்தோஷமாக, "நான்தான் அப்பவே சொன்னேனே, மூச்சு முட்டும்னு. மதராஸ் ஜோடிய மாட்டிடலாங்களா?" என்றார். அதைத்தான் மாட்டுவார் என்று நானும் நினைத்தேன். அவருக்கு உயிரான சத்தம் அதில்தான் இருந்தது. டாக்டர் மூலையில் கிடந்த மீன்வாலைக் காட்டினார். மிஸ்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், அது ஊரையே கூட்டுமே" என்றார்.

"கூட்டட்டும். நான் வரேன்னு அவாளுக்கு முன்கூட்டியே தெரியணும். மாட்டை ஓட்டணும்னு தோணினா ஓட்டட்டும். சத்தமில்லாம போய் இன்னொரு தெருவுல அப்படி நிக்க என்னால ஆகாது" என்றார் டாக்டர். அத்தனை அலைச்சல் அலைந்து, மாட்டை வைத்துப் பரீட்சை நடத்தி, கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது இருந்ததிலேயே சத்தமானதை. அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த தவணைக்கு அக்கா ஊருக்கு மீன்வாலோடுதான் போனோம். கிணற்றடிக்கு ஒரு மைல் முன்னாலேயே சத்தம் போய்ச் சேர்ந்திருக்கும். தெரு காலியாக இருந்தால் இந்த மனிதர் என்ன ஆவார் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். திரும்பினோம். தெருவில் மாடுகளைக் கன்றோடு இரண்டு வரிசையாக நிறுத்தி, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஆட்கள் நின்றிருந்தார்கள். டாக்டர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கவேயில்லை. இரண்டு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அறுபதுகளின் நடுவில் அவருக்கு மாற்றலாகிப் போனது. எனக்கும் உத்தியோகம் முடிந்து, பேரன் பேத்தி எடுத்தாயிற்று. வெக்கை என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அக்கா இருக்கிறாள். கண் பார்வை மங்கிவிட்டது. போனால் இன்றைக்கும் எனக்கென்று கோழி அடித்துக் குழம்பு வைக்கச் சொல்வாள். பக்கத்தில் உட்கார்ந்து, இலையைக் கையால் தடவிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போடு என்று மருமகளை அதட்டுவாள். செவலையைப் பற்றி அன்றைக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. மன்னித்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாட்டுப் பொங்கலுக்குப் போயிருந்தபோது, கொட்டிலில் பிறந்து நாலு நாளான கன்று ஒன்று கழுத்துச் சலங்கை குலுங்கத் துள்ளிக்கொண்டிருந்தது. அவிழ்ந்து கிடந்த அதன் கயிற்றைக் கட்டலாம் என்று குனிந்தேன். வாசல் கட்டிலில் படுத்திருந்தவள், கண் சரியாகத் தெரியாதவள், சலங்கைச் சத்தத்தை வைத்தே கண்டுகொண்டாள்.

"தம்பி, நீயாடா? நீ சாப்பிடப் போ. அத மருமவ கட்டுவா" என்றாள்.

நான் கயிற்றை விட்டுவிட்டேன்.